நைட் ஷிஃப்டிலும் நடையும் சாப்பாடும் தடம் மாறாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை, வாராவாரம் நேரம் மாறும். சமீபத்தில் எடுத்த டெஸ்ட்டில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். சாப்பாட்டைச் சரி செய்து, வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

பகல் ஷிஃப்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நைட் வந்தால் போச்சு. நடுராத்திரியில் கேன்டீனில் சுடச்சுடக் கிடைப்பது வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கு பொரியலும்தான். அப்புறம் தூக்கத்தை விரட்ட, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொக்கிவிடும். நடையாவது ஒன்றாவது!

"மனசு வைத்தால் முடியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டில் தினமும் கேட்கிறேன். ஷிஃப்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: எப்போது நடக்கிறீர்கள், வேலைக்குக் கிளம்பும் முன்பா, காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமா? டப்பாவில் எடுத்துப்போனால் நடுராத்திரி வரை கெடாதது எது? சுண்டல் கொண்டுபோய்ப் பார்த்தேன், வயிறு உப்பிக்கொண்டது. ஷிஃப்ட் மாறியும் விடாமல் தொடர்பவர்கள் உங்கள் டைம்டேபிளை அப்படியே போட்டால் பெரிய உதவி.