வேகம் கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் வேன்கள் இடித்துக்கொள்கின்றன: காரணம் எங்கே?

வேன் பொறுப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். சரக்கு விநியோகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் 9 வேன்களையும் 11 ஓட்டுநர்களையும் நான் கவனித்துக்கொள்கிறேன். மூன்று மாதங்களில் ஐந்து முறை வண்டி இடித்துவிட்டது. நான்கு முறை பின்னால் எடுக்கும்போது: இரண்டு சுவர்கள், ஒரு தூண், நின்றிருந்த ஒரு கார். ஐந்தாவது, பிற்பகல் 2.50 மணிக்கு முன்னால் சென்ற காரின் பின்பக்கத்தில் மோதியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

எல்லா வண்டிகளிலும் ஜிபிஎஸ் பொருத்தி வேகத்தைக் கண்காணிக்கிறேன். வரம்பை மீறியவர் எவருமில்லை. பின்னால் மோதியபோதுகூட வேகம் 52தான், அந்தச் சாலையின் வரம்பு 60. பிரேக்கையும் டயரையும் பட்டறையில் காட்டினேன், குறை இல்லை என்றார்கள். ஓட்டுநர்களை உட்காரவைத்து இரண்டு முறை பேசினேன். சேதச் செலவில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்தும் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பழைய லாரி ஓட்டுநர்:
தம்பி, 26 ஆண்டுகள் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். ஐந்தில் நான்கு பின்னால் எடுக்கும்போது நடந்திருக்கிறது என்றால் முதலில் அதைத்தான் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ் அதைக் காட்டாது. ஆள் நடக்கும் வேகத்தில் நேர்கிற விபத்து அது.

உங்கள் ஆட்கள் சரக்கு இறக்கும் இடத்தில் முன்பக்கமாக நுழைந்து நிறுத்திவிட்டு, கிளம்பும்போது பின்னால் எடுக்கிறார்களா? அப்படியென்றால் இன்றே மாற்றுங்கள். வந்து சேரும்போதே பின்னால் எடுத்து நிறுத்தட்டும். வரும்போது அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறோம். தூண் எங்கே, ஆள் எங்கே என்பது மனத்தில் இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து வந்து வண்டியில் ஏறும்போது பின்னால் யார் வந்து நிற்கிறார் என்று எப்படித் தெரியும்? மூடிய சரக்கு வேனில் பின்பக்கம் பார்க்க வழியே இல்லை. பக்கக் கண்ணாடிகளோ வண்டிக்கு நேர் பின்னால் இருப்பதைக் காட்டுவதில்லை. நீங்கள் பயப்படுகிற அந்தக் குழந்தை நிற்கக்கூடிய இடம் அதுதான்.

பின்னால் எடுத்தே தீர வேண்டிய இடத்தில் இறங்கி ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்து, ஏறியவுடன் எடுத்துவிட வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் ரசீது எழுதினால் பார்த்தது வீண். உதவியாளர் இருந்தால் அவர் நிற்க வேண்டிய இடம் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடம், வண்டிக்கு நேர் பின்னால் அல்ல. கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த நொடியே வண்டி நின்றாக வேண்டும். கேமரா வைத்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். லென்ஸில் சேறு படிந்தால் அதற்கும் கண் தெரியாது.

பட்டறைக்காரர்:
பட்டறையில் பிரேக்கைக் காலி வண்டியில்தான் பார்த்திருப்பார்கள். சரக்கு ஏற ஏற வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும், டயருக்குக் காற்றும் அதிகம் வேண்டும். முழுச் சரக்குக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். கனமான பெட்டிகளைக் கீழே, இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பை ஒட்டி வைத்துக் கட்ட வேண்டும்.

பாதுகாப்புப் பயிற்சியாளர்:
பின்னால் எடுப்பது பற்றி ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அந்த ஐந்தாவது மோதல்தான் உறுத்துகிறது. 2.50 மணி என்கிறீர்கள். அன்று அவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? எத்தனை இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது? அந்த நேரத்தில் யாரோடாவது பேசிக்கொண்டிருந்தாரா?

வேன் பொறுப்பாளர்:
5 மணிக்குப் பணி தொடங்கியது, 3.30க்கு எழுந்ததாகச் சொன்னார். அன்றைய பட்டியலில் 26 இடங்கள். போனைக் கையில் எடுப்பதில்லை. எல்லாரும் ஹெட்செட்தான் பயன்படுத்துகிறார்கள்.

பாதுகாப்புப் பயிற்சியாளர்:
அப்படியானால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் அவர்மேல் ஏறியிருக்கின்றன.

முதலில் உறக்கம். பின்னிரவு மட்டுமல்ல, பிற்பகல் 2 முதல் 4 மணி வரையிலும் உடல் தானாகவே தளரும். 3.30க்கு எழுந்தவருக்கு அது இன்னும் கனமாக இறங்கும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. வண்டியை ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் கண்ணை மூடுவது உதவும். உறங்குவதற்கு முன்பே காபி குடித்துவிட்டால், அது வேலை செய்யத் தொடங்கும் நேரமும் எழும் நேரமும் ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் 26 இடங்களை முடித்தாக வேண்டியவர் எங்கே நிறுத்துவார்?

அடுத்தது இடைவெளி. 52 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டருக்கு மேல் போகிறது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் கழிந்துவிடும்; அதன் பிறகுதான் வண்டி வேகம் குறையவே தொடங்கும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். தான் அந்தக் கம்பத்தை அடைவதற்குள் குறைந்தது மூன்று நொடிகள் ஆக வேண்டும். மழையிலும் முழுச் சரக்கிலும் இன்னும் கூடுதல். நேரம் துரத்தும்போது முதலில் சுருங்குவது இந்த இடைவெளிதான்.

மூன்றாவது அந்த ஹெட்செட். ஸ்டீயரிங்கில் இரு கையும் இருந்தாலும் மனம் பேச்சில் இருந்தால் கண் பார்த்தது புத்திக்கு எட்டுவதில்லை. ஹெட்செட்டில் பேசுவது போனைக் கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது என்று உலகச் சுகாதார நிறுவனமும் ஏற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் சாலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். அலுவலகத்தில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. மோதிய நேரத்துக்கு முந்தைய பத்து நிமிட அழைப்புகளை எடுத்துப் பாருங்கள்.

வேன் பொறுப்பாளர்:
பார்த்தேன். 2.41, 2.46, 2.49. மூன்றும் எங்கள் அலுவலகத்திலிருந்து போனவை. கடைசி அழைப்பு என்னுடையது. ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார், “இன்னும் எவ்வளவு நேரம்” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மோதியிருக்கிறது. அவர் இதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் அவர் சம்பளத்தில் பிடித்தேன்.

பழைய லாரி ஓட்டுநர்:
சொல்லமாட்டார் தம்பி. முதலாளி அழைப்பை எடுக்காதவன் பிழைப்பது எப்படி? முதலில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்கிறவரை உங்களிடம் வருவது ஒளிக்க முடியாத சேதம் மட்டுமே. நூலிழையில் தப்பிய கதைகள் வராது. அடுத்த விபத்து எங்கே நடக்கும் என்று சொல்வது அவைதான்.

வேன் பொறுப்பாளர்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வண்டி ஓடும்போது அலுவலகத்திலிருந்து யாரும் அழைப்பதில்லை. செய்தி அனுப்புகிறோம், வண்டியை நிறுத்தியபின் அவர்கள் அழைக்கிறார்கள். பட்டியலை 26 இடங்களிலிருந்து 21 ஆகக் குறைத்தேன். மேலாளர் தயங்கினார்; மூன்று மாதங்களில் வேன்கள் பட்டறையில் கிடந்த நாட்களைக் கூட்டிக் காட்டியதும் சம்மதித்தார். பிற்பகலில் அரை மணி நேர ஓய்வு இப்போது பட்டியலிலேயே இருக்கிறது. பிடித்த பணத்தை ஐந்து பேருக்கும் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் மாலையே அந்த ஓட்டுநர் வந்தார். வழக்கமாகச் சரக்கு இறக்கும் ஒரு கிடங்கின் வாசலில், பின்னால் எடுக்கும்போது இரண்டு முறை ஒரு மூதாட்டியைக் கடைசி நொடியில் பார்த்து நிறுத்தியிருக்கிறார். கதவுக்கு அப்பால் ஒரு நடைபாதை திரும்புகிறது, வண்டியிலிருந்து தெரியாது. இன்று காலை அவரோடு போய்ப் பார்த்தேன். கிடங்குக்காரர்களிடம் பேசியதில் மறுபக்க வாசலைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். நாளை முதல் அங்கே பின்னால் எடுக்க வேண்டியதே இல்லை.