புதுப்பிப்பு: அப்பா ஏன் பேசவில்லை என்று தெரிந்துவிட்டது

போன மாதம் புலம்பியிருந்தேனே, வெளிநாட்டில் எங்களோடு வந்து குடியேறிய அப்பா முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று. வயசு, மறதி என்றீர்கள் பலரும். இல்லை, காரணம் நான்தான். டாக்டரிடம் அவர் 3 நிமிடம் சொன்னதை நான் ஒரே வரியில் மொழிபெயர்த்து முடித்துவிடுவேன். அதிலும் சிறுநீர்த் தொந்தரவை மகளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? (இது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.)

இந்த முறை மருத்துவமனையிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினோம். நான் வெளியே உட்கார்ந்தேன். 20 நிமிடம் பேசியிருக்கிறார் மனுஷன்! திரும்பும்போது பஸ்ஸில் பயண அட்டையை என்னிடம் தராமல் தானே கருவியில் வைத்தார். இரண்டாவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது.

பேத்தியோடு இன்னும் சைகைதான். நேற்று காரில், "மெதுவா ஓட்டும்மா" என்று என்னை அதட்டினார்.