உதவி: நாளை கிளம்புகிறோம், கேமரா இரவில் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது

மாடிப்படி:
அவசரம். நாளை மாலை குடும்பத்தோடு கிளம்புகிறோம், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்காகவே புதிதாக ஒரு வைஃபை கேமரா வாங்கி வைத்தேன். பகலில் தெளிவாகத் தெரிகிறது. இருட்டியதும் படம் முழுக்க வெள்ளையாகி நடுவில் ஒரு பெரிய வெளிச்ச வட்டம் மட்டும் வருகிறது. போதாததற்கு ராத்திரி முழுக்க 'அசைவு' என்று போனில் அறிவிப்பு, திறந்து பார்த்தால் யாரும் இல்லை. ரீசெட் செய்தும் அதே கதைதான். கேமரா பழுதா, மாற்றித் தரச் சொல்லட்டுமா?

ஜன்னலோரம்:
எந்த கேமரா? உள்ளே வைத்திருக்கிறீர்களா, வெளியேவா? எதைப் பார்த்து இருக்கிறது? முன்னால் கண்ணாடி, கொசுவலை ஏதாவது உண்டா? இதெல்லாம் தெரியாமல் பழுது என்று எப்படிச் சொல்வது?

மின்கம்பி:
அடாப்டரைப் பாருங்கள். இரவில், இருட்டில் படம் பிடிக்க உதவும் கண்ணுக்குத் தெரியாத ஒளி தருகிற அகச்சிவப்பு (ஐஆர்) விளக்குகளும் சேர்ந்து எரியும்போது கேமராவுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். பெட்டியில் வந்த அடாப்டரை விட்டுவிட்டு பழைய போன் சார்ஜரில் செருகினால் இப்படித்தான் தடுமாறும். நிறைய பேருக்கு இதுதான் காரணம்.

கடவுச்சொல்:
ஆளில்லாமல் அறிவிப்பு வருகிறதா? வேறு யாராவது உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றினீர்களா? 2016இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து கெடுதல் செய்யும் மென்பொருள்) அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

சாவிக்கொத்து:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், முன்பு எழுதியதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, கேமரா திருடனைப் படம் பிடிக்கும், தடுக்காது. கதவையும் பூட்டையும் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள். அடிப்படையை விட்டுவிட்டு போனில் படம் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்கிறீர்கள்.

மாடிப்படி:
கேமரா மாடல் ஞாபகமில்லை, பெட்டியைப் போட்டுவிட்டேன். அடாப்டர் அதோடு வந்ததுதான். வீட்டுக்குள் ஜன்னலில் வைத்து வாசலைப் பார்க்கத் திருப்பியிருக்கிறேன், கண்ணாடிக் கதவு மூடியே இருக்கும். வெளியே வைத்தால் நனைந்துவிடும்.

ஜன்னலோரம்:
கண்ணாடிதான் காரணம். கேமரா பழுதில்லை, மாற்ற வேண்டாம். இருட்டியதும் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள்ளேயே விழுகிறது, நீங்கள் பார்க்கும் வெள்ளை வட்டம் அதுதான். செயலியில் 'இரவுப் பார்வை' அல்லது 'ஐஆர்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்து, அறைக்குள் விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கண்ணாடியில் தெரியும். வாசலில் பொழுது சாய்ந்ததும் தானாக எரிகிற ஒரு விளக்கு இருந்தால் படம் வண்ணத்திலேயே வரும். அறிவிப்புக்கு: படத்தில் தெருவைத் தவிர்த்து வாசல் பகுதியை மட்டும் கட்டம் கட்டிக் குறித்துவிடுங்கள், போகிற வண்டிகளின் முகப்பு வெளிச்சம்கூட இப்போது அசைவாகக் கணக்காகிறது. இன்னொன்று, உடல் வெப்பத்தை உணர்கிற பிஐஆர் சென்சார் கண்ணாடிக்குப் பின்னால் வேலை செய்யாது. உங்கள் கேமரா அதை மட்டும் நம்புகிற வகை என்றால் ஆள் வந்தாலும் சொல்லாது. இன்று இரவே வீட்டில் ஒருவரை வாசலில் நடக்கவிட்டுச் சோதித்துவிடுங்கள்.

நிழல்மரம்:
வேறு ஒரு விஷயம். 'நாளை மாலை கிளம்புகிறோம், யாரும் இருக்க மாட்டார்கள்' என்று எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, தலைப்பில் உள்ள 'நாளை'யையும் சேர்த்து முதலில் எடுத்துவிடுங்கள். போகிற இடத்துப் படங்களையும் திரும்பி வந்த பிறகு போடுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியும் போன் எண்ணும் கொடுத்து, வாசலில் சேரும் தபாலையும் காகிதத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பூந்தொட்டிக்கு அடியில், மிதியடிக்குக் கீழே சாவி வைக்கவே வைக்காதீர்கள். அப்புறம், வெளியே பெரிய பூட்டாகத் தொங்கவிட வேண்டாம். ஆளில்லை என்று பலகை எழுதி மாட்டியதற்குச் சமம் அது.

சாவிக்கொத்து:
இதுவும் அடிக்கடி கேட்கும் தவறான யோசனை. திருட வருகிறவன் மணியை அடித்துப் பார்ப்பான், பதில் வராவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும், பூட்டைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. இரண்டு பூட்டு இருந்தால் அவனுக்கு இரண்டு மடங்கு வேலை.

நிழல்மரம்:
மணியடிக்க அவன் வாசல் வரை வர வேண்டும். தொங்குகிற பூட்டு தெருவிலிருந்தே தெரியும். இரண்டும் ஒன்றா?

மரவேலை:
இரண்டு பேரும் பூட்டையே பேசுகிறீர்கள், உடைவது பெரும்பாலும் பூட்டு இல்லை. கொண்டியையும் நாதாங்கியையும் பிடித்திருக்கிற சின்னத் திருகாணிகள்தான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். தாழ் உள்ளே போகிற நிலைத்தகடும் அப்படியே, பல வீடுகளில் அது அரை அங்குலத் திருகாணியில்தான் நிற்கிறது. மரநிலை என்றால் மூன்று அங்குலத் திருகாணி போட்டு உள்ளே ஆழமாக இறக்குங்கள். நாதாங்கிக்கு மறுபக்கம் வரை போகிற போல்ட் போட்டு உட்புறம் நட்டு முறுக்குங்கள். வெளியே திறக்கிற கதவு என்றால் கீலின் ஊசியைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் எவ்வளவு நல்ல பூட்டும் பயன்படாது. பின்கதவையும் மாடிக் கதவையும் யாரும் கேட்கவே இல்லை. முன்கதவுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யுங்கள். ஏணியை வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாவிக்கொத்து:
நான் அடிப்படை என்று முதலிலேயே சொன்னது இதைத்தான்.

நிழல்மரம்:
நீங்கள் அடிப்படை என்று மட்டும்தான் சொன்னீர்கள் சார், என்ன செய்ய வேண்டும் என்று அவர்தான் சொன்னார். கிளம்பும் அவசரத்தில் ஒருவர் கேட்கும்போது முதல் பதிலே அதட்டலாக இருந்தால் அடுத்த முறை கேட்க யோசிப்பார்.

மின்கம்பி:
வாசல் விளக்கை ராத்திரி பகலாக எரியவிட்டுப் போகாதீர்கள். பட்டப்பகலில் எரிகிற விளக்கும் ஆளில்லை என்றுதான் சொல்லும். டைமர் போட்டு, உள்ளேயும் ஓர் அறை விளக்கு மாலையில் எரிந்து படுக்கும் நேரத்தில் அணைகிற மாதிரி வையுங்கள், கேமரா இருக்கும் அறை மட்டும் வேண்டாம். மின்சாரம் போனால் ரூட்டரும் போகும், அப்போது அறிவிப்பு எதுவும் வராது. ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் உண்டா? கேமராவில் மெமரி கார்டு போட்டிருக்கிறீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

மாடிப்படி:
ஐஆர் அணைத்தேன், வாசல் விளக்கு போட்டேன், முகம் வரை தெரிகிறது. கட்டம் குறித்த பிறகு அறிவிப்பும் நின்றது. தம்பியை நடக்கவிட்டுப் பார்த்தேன், வந்தது. மரவேலை அண்ணா, நிலைத்தகட்டில் ஒரு திருகாணி கையால் சுற்றினாலே வந்துவிட்டது, இப்போது நீளமானது போட்டாச்சு. ஜன்னலோரம், நன்றி.

மின்கம்பி:
யுபிஎஸ்?

ஈரமண்:
எனக்கும் ராத்திரி இதே வெள்ளைதான், ஆனால் என் கேமரா வெளியே இருக்கிறது, கண்ணாடி எதுவும் இல்லை. ஏன்?

ஜன்னலோரம்:
லென்ஸ் மேல் சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள். அகச்சிவப்பு விளக்குகளின் லேசான சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒரே ஒரு இழை குறுக்கே இருந்தாலும் கேமராவுக்கு வெகு அருகில் இருப்பதால் வெள்ளைப் பட்டையாகத் தெரியும், காற்றில் ஆடினால் அசைவு என்று அறிவிப்பும் வரும். மெல்லிய துணியால் துடையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் கேமரா எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள், பக்கத்துச் சுவரில் பட்டும் ஒளி திரும்பும்.