கூட்டம் போட உரிமை இருக்கா, இல்ல பர்மிஷன் குடுத்தா தானா? எம்.எல்.ஏங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

எம்சிரோடு_வாசி:
பழைய வண்ணாரப்பேட்டைங்க. எங்க தெருவுல ரொம்ப நாளா குழாய்த் தண்ணி சாக்கடை நாத்தத்தோட வருது, கம்ப்ளைண்ட் குடுத்து குடுத்து அலுத்துப் போயி லேடீஸ் எல்லாம் குடத்தோட தெருமுனையில ஒரு மணி நேரம் நிக்கலாம்னு முடிவு பண்ணோம், மறியல் கூட இல்ல, சும்மா ஓரமா நிக்கிறது. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போனா ரைட்டர் பேப்பரைப் படிக்கவே இல்ல, "41 அமல்ல இருக்கும்மா, பர்மிஷன் கெடையாது"ன்னு டேபிள் மேலயே திருப்பித் தள்ளிட்டாரு. சரின்னு எம்.எல்.ஏ ஆபீஸ் போனோம். அவரே இருந்தாரு, டீ வாங்கிக் குடுத்தாரு, "உங்களுக்கு எதுக்கும்மா ஆர்ப்பாட்டம் எல்லாம், ரெண்டு லாரி தண்ணி அனுப்புறேன்"னாரு. அனுப்பியும் வெச்சாரு, இல்லன்னு சொல்லல. ஆனா அமைதியா கூடுறது அடிப்படை உரிமைன்னு படிச்சோமே, ஸ்டேஷன்ல எப்படி முடியாதுங்கலாம், சட்டசபையில இதைக் கேக்க மாட்டீங்களான்னு கேட்டா சிரிச்சிட்டாரு. "அது போலீஸ் மேட்டரும்மா".

2025 ஆகஸ்ட்ல மாநகராட்சி ஆபீஸ் ரிப்பன் பில்டிங் வாசல்ல நம்ம ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல தூய்மைப் பணியாளர்ங்க 13 நாள் உக்காந்தாங்களே, போலீஸ் நடுராத்திரில பஸ்ல ஏத்தினாங்களே, எங்க தெரு பெருக்குற அக்காவும் அதுல இருந்துச்சு. அப்பல இருந்து மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருக்கு. இந்த 41ன்னா என்ன? சட்டம் போடுறவங்களுக்கே சட்டம் தெரியாம போனது இப்பத்தானா, எப்பவும் இப்படியா?

புளியந்தோப்பு_வக்கீல்:
சிஸ்டர், முதல்ல ஒண்ணு. 41 அமல்ல இருந்தா பர்மிஷனே கெடையாதுன்னு அர்த்தமில்ல, பர்மிஷன் இல்லாம கூடக்கூடாதுன்னு தான் அர்த்தம். 1888ல வெள்ளைக்காரன் போட்ட சென்னை நகரக் காவல் சட்டத்தோட 41வது பிரிவு அது. தடை உத்தரவு ஒரு தடவைக்கு 15 நாள் தான், அதனால தேதி முடிய முடிய கமிஷனர் புதுசா போட்டுகிட்டே இருப்பாரு, வருஷம் பூரா அமல்ல இருக்குற மாதிரி ஆயிடுது. அரசியல் சாசனம் 19(1)(ஆ) ஆயுதம் இல்லாம அமைதியா கூடலாம்னு சொல்லுது, நியாயமான கட்டுப்பாடு மட்டும் போடலாம். எத்தனை ஆட்சி மாறுச்சு, இந்த 41ஐ எடுத்துக் குப்பையில போட ஒருத்தருக்கும் மனசு வரல, ஆளுங்கட்சி ஆனதும் எல்லாருக்கும் அது தேவைப்படுது.

இதைவிட மோசம் குண்டர் சட்டம். 1982ல வந்தது, விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வெக்கலாம். அதோட முழுப்பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, கொருக்குப்பேட்டை கேட்ல நின்னு கூட்ஸ் வண்டிய எண்ணுற மாதிரி போயிகிட்டே இருக்கும்: கள்ளச்சாராயம், சைபர், போதைப்பொருள், வனக்குற்றம், குண்டர், விபச்சாரத் தொழில், மணல், பாலியல் குற்றம், குடிசைப்பகுதி நில அபகரிப்பு, திருட்டு வீடியோ. 2004ல திருட்டு விசிடி மேல கோவம், சேர்த்தாச்சு, 2014ல சைபர், பாலியல் குற்றம், சேர்த்தாச்சு. எதிர்ல இருக்குறவன் குற்றவாளியாவே இருக்கட்டும், அவனை கோர்ட்ல நிரூபிச்சு உள்ள வெக்கிறது தானே சட்டம்? ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (அடைச்சு வெச்ச ஆளை கோர்ட் முன்னாடி கொண்டாரச் சொல்ற மனு) போட்டா நிறைய ஆர்டர் நிக்கிறதே இல்ல, ஆனா கேஸ் வரதுக்குள்ள பையன் மாசக்கணக்கா புழல் ஜெயில்ல இருந்துட்டு வந்துடுறான். வியாசர்பாடி, புளியந்தோப்புல எந்த அம்மாவக் கேட்டாலும் சொல்லும்.

பேசின்பிரிட்ஜ்_பேசுது:
இன்னா வக்கீலு, 19(1) இன்னாத்துக்கு, தண்ணி வந்துச்சா இல்லியா? லாரி அனுப்பிகிறாருல்ல? எம்.எல்.ஏன்னா அது தான்பா வேலை. சட்டம் பேசுறவன ஜெயிக்க வெச்சிட்டு நாங்க இன்னா பண்றது, காலில கொடத்த தூக்கினு எங்க போறது?

பெரம்பூர்_பேரக்ஸ்:
பேசின்பிரிட்ஜ் அண்ணே, லாரி அனுப்புறது கவுன்சிலர் வேலை. சென்னை மாநகராட்சில 2016 அக்டோபர்ல கவுன்சிலருங்க பதவி முடிஞ்சுது, அடுத்த எலக்‌ஷன் 2022 பிப்ரவரில தான். அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் வெச்சே ஆகணும்னு சாசனத்துலயே இருக்கு, 243யு. அத்தன வருஷம் 200 வார்டுலயும் ஒரு கவுன்சிலர் கிடையாது, அதிகாரிங்க தான் ஓட்டினாங்க. குழாய் அடைப்புக்கும் எம்.எல்.ஏ வீட்டுக்குத்தான் போனோம், அந்தப் பழக்கம் இன்னும் போகல. அவரும் சட்டசபையை மறந்துட்டாரு, நமக்கும் அங்க என்ன நடக்குதுன்னு கேக்கத் தோணல.

அப்புறம் "எம்.எல்.ஏங்களுக்கு படிப்பு இல்ல"ன்னு யாராச்சும் ஆரம்பிப்பீங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, காமராஜர் எவ்ளோ படிச்சாரு? விஷயம் 1985ல கொண்டாந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சிக் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடலன்னா பதவி போயிடும். அப்புறம் எதுக்கு மசோதாவ படிக்கணும்? படிச்சவனும் கையத் தூக்கணும், படிக்காதவனும் கையத் தூக்கணும். எங்க பெரம்பூரையே எடுத்துக்குங்க, 2017 செப்டம்பர்ல முதலமைச்சர் மேல நம்பிக்கை இல்லன்னு கவர்னர் கிட்ட லெட்டர் குடுத்த 18 பேரை சபாநாயகர் தகுதிநீக்கம் பண்ணாரே, அதுல எங்க ஆளும் ஒருத்தர். அவரு பண்ணது சரியா தப்பா அது வேற கதை. ஆனா ஹைகோர்ட்ல ரெண்டு நீதிபதி ரெண்டு விதமா தீர்ப்பு சொல்லி, மூணாவது நீதிபதி வந்து, இடைத்தேர்தல் நடந்து முடிய 2019 மே ஆச்சு. அது வரைக்கும் தொகுதிக்கு எம்.எல்.ஏவே இல்ல. ஆர்.கே. நகரும் 2017 பூரா காலி தான், ஏப்ரல்ல எலக்‌ஷனை பணப்பட்டுவாடான்னு கேன்சல் பண்ணி டிசம்பர்ல வெச்சாங்க.

புளியந்தோப்பு_வக்கீல்:
கொறடா பாயிண்ட் கரெக்ட், ஆனா படிக்க டைம் குடுக்காததும் ஒரு காரணம். 2023 ஏப்ரல் 21ல நம்ம சட்டசபையில 12 மணி நேர வேலை மசோதா பாஸ் ஆச்சு, தொழிற்சங்கங்க கத்தினதும் மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. டெல்லில அதே வருஷம் டிசம்பர்ல 146 எம்.பிங்களை சஸ்பெண்ட் பண்ணி வெளிய வெச்சுட்டு இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூணுக்கும் பதிலா வந்த மூணு சட்டத்தையும் பாஸ் பண்ணாங்க. 144 தடை உத்தரவு இப்ப 163, நம்பர் மாறினது தான் மிச்சம்.

அதுக்காக அந்தக் காலத்துல எல்லாம் பொன்னு மாதிரி இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். 1950லயே மெட்ராஸ் சர்க்கார் ஒரு பத்திரிகையத் தடை பண்ணி சுப்ரீம் கோர்ட்ல தோத்துச்சு, அடுத்த வருஷமே சாசனத்தைத் திருத்திட்டாங்க. ஆனா அப்ப நாள்கணக்கா சண்டை போட்டுத்தான் திருத்தினாங்க. அதுக்கும் முன்னாடி, பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லுல சங்கம் வெச்சதுக்கு சங்கத் தலைவர் வாடியா மேல கம்பெனி கேஸ் போட்டு ஹைகோர்ட்ல தடை வாங்குச்சு, அதைப் பார்த்து தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921ல டெல்லில மத்திய சட்டசபையில தீர்மானம் கொண்டாந்தாரு, 1926ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. பெரம்பூர்ல நடந்ததுக்கு பம்பாய்க்காரர் எழுந்து பேசினாரு. நம்ம தொகுதி ஆளு "போலீஸ் மேட்டர்"ங்குறாரு.

பேசின்பிரிட்ஜ்_பேசுது:
மில்லு மேட்டர் எங்க தாத்தா சொல்லிகீறாரு, அவுரு அங்க தான் வேல பாத்தாரு. சரி வக்கீலு, இப்ப அந்தம்மா இன்னா பண்ணணும் அத சொல்லு.

புளியந்தோப்பு_வக்கீல்:
ஸ்டேஷனுக்கு திரும்பப் போக வேணாம். நிக்கப் போற தேதிக்கு அஞ்சு நாளைக்கு மேல இருக்குற மாதிரி, இடம், நேரம், எத்தனை பேர்னு எழுதி வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு ஒப்புகை அட்டையோட ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, காப்பி ஸ்டேஷனுக்கும். முடியாதுன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க. அந்த பேப்பர் கையில இருந்தா ஹைகோர்ட்ல ரிட் மனு போட வசதியா இருக்கும், வாயால சொன்னதை மட்டும் வெச்சு நிரூபிக்கிறது கஷ்டம்.

எம்சிரோடு_வாசி:
சரிங்க சார். யார் பேர்ல எழுதுறது? எல்லாரும் என் பேரப் போடாத, உன் பேரப் போடாதங்குறாங்க, வீட்டுக்காரங்க திட்டுவாங்களாம்.

புளியந்தோப்பு_வக்கீல்:
நாலஞ்சு பேரா சேர்ந்து கையெழுத்துப் போடுங்க. அந்த பெருக்குற அக்கா வருவாங்களான்னு கேட்டுப் பாருங்க.