வட கடல் படம்: எண்ணூர்க்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது?

தண்டையார்பேட்டை டாக்கீஸ்:
2021இல் வந்த நார்வே படம் 'தி பர்னிங் சீ' நேற்று ராத்திரி பார்த்தேன். வருடக்கணக்காக எண்ணெய் உறிஞ்சியதில் வட கடலின் தரை சரிகிறது, எண்ணெய் மேடைகள் கவிழ்கின்றன, எண்ணெய் கரைக்கு வந்துவிடக் கூடாதென்று அரசாங்கமே கடலுக்கு நெருப்பு வைக்கிறது. முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் மணலிப் பக்கம் ஆலைப் புகைபோக்கி உச்சியில் நெருப்பு. தூக்கம் போச்சு. குமரிக் கடலில் எண்ணெய் எடுக்க ஏலம் விட்டவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ராயபுரம் ரிக்:
வந்துவிட்டேன். மும்பைக் கடலில் பதினாலு நாள் மேடை, பதினாலு நாள் வீடு என்று ஒன்பது வருடம் ஓட்டியவன். தரை இறங்குவது கட்டுக்கதை இல்லை. நார்வேயில் 1969இல் கண்டுபிடித்த எக்கோஃபிஸ்க் வயலில் எடுக்க எடுக்கத் தரை அமுங்கியது. 1987இல் மேடைகளை ஜாக்கி வைத்து 6 மீட்டர் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் அது பல வருடமாக மெல்ல இறங்கியது, அளந்துகொண்டே இருந்தார்கள். படத்தில் வருகிற மாதிரி கடல் திடீரென்று வாயைப் பிளக்காது. பயமுறுத்திக் காசு பார்க்கிற வேலை.

ஏர்ணாவூர் மதி:
2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோதும் அளந்துகொண்டுதானே அண்ணே இருந்தார்கள்? 11 பேர் போனார்கள். 87 நாள் கிணறு கக்கியது.

ராயபுரம் ரிக்:
அளந்தார்கள், அழுத்தச் சோதனையில் வந்த அளவைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கிணற்று வாயை நெரிக்க வேண்டிய அடைப்பானும் கைவிட்டது. அது மனிதர்கள் செய்த தப்பு தம்பி. மும்பைக் கடலில் இருக்கிற மும்பை ஹை எண்ணெய் வயலில் 2005 ஜூலையில் 22 பேர் செத்த கதை தெரியுமா? கப்பலில் சமையல்காரருக்கு விரலில் வெட்டு. அவரை மேடைக்கு ஏற்ற அலையில் நெருங்கி வந்த கப்பல், மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. மேடையே எரிந்து போனது. கடல் தரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோதியது கப்பல்.

ஏர்ணாவூர் மதி:
கப்பல் என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலை எங்கள் ஊருக்கு நேரே கடலில் இரண்டு கப்பல் முட்டிக்கொண்டன. கொட்டியது சரக்குகூட இல்லை, கப்பல் ஓடுவதற்கு வைத்திருந்த கனத்த எண்ணெய். முதலில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். நாங்கள் கல்லுக்கரைக்குப் போய்ப் பார்த்தால் அலையே எழும்பவில்லை. கேழ்வரகுக் கூழ் பதத்தில் கருப்பாக அசைந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்று பிளாஸ்டிக் பக்கெட்டில் மொண்டு கை மாற்றினோம். கையுறை அரை மணியில் கிழிந்துவிடும். நகக்கண்ணில் புகுந்தது சோப்புக்குப் போகவில்லை, அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டார். அம்மாவுக்குக் கூடை மீன் வியாபாரம். ஆழ்கடலில் பிடித்து வந்த மீனைக்கூடத் தெருவில் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளம் (நீரோட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தெற்கே இழுத்தது, மெரினா தாண்டிப் போனது. அப்புறம்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள்.

கொருக்குப்பேட்டை கோபி:
படத்து ஐடியாவை எண்ணூரில் செய்தால்? ஒரு தீக்குச்சி போதும், எண்ணெயோடு ஆலை, டேங்க், கேஸ், நாம் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ராயபுரம் ரிக்:
கொளுத்துவது அவ்வளவு சுலபம் இல்லை கோபி. எண்ணெய்ப் படலம் 2, 3 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். மிதவைத் தடுப்புப் போட்டு ஓரிடத்தில் குவிக்க வேண்டும். நாளாகித் தண்ணீரோடு கலந்து குழம்பிவிட்டால் பற்றவே பற்றாது. மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் அத்தனை முறை கொளுத்தியும் எரிந்தது மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்.
மதி, உன் கதை என் கட்சிக்குத்தான் பலம். உன் கரையைக் கெடுத்தது எண்ணெய்க் கிணறா? இல்லையே. அப்புறம் குமரியில் தோண்டாதே என்பதற்கு எண்ணூரை ஏன் இழுக்கிறாய்? காசிமேட்டு விசைப்படகுகள் குடிக்கிற டீசல் எங்கிருந்து வருகிறது?

தண்டையார்பேட்டை டாக்கீஸ்:
இந்த டீசல் வாதம் எல்லாத் திரியிலும் வருகிறது. சோறு தின்கிறவன் வயலில் விஷம் கொட்டாதே என்று சொல்லக் கூடாதா?

ஏர்ணாவூர் மதி:
கிணறு தோண்டினால் அங்கே போய் வரக் கப்பல் வேண்டும், குழாய் வேண்டும், கரையில் டேங்க் வேண்டும். அதெல்லாம் சேர்ந்ததுதான் அண்ணே கிணறு. 2023 டிசம்பர் புயல் மழையில் ஒரு ஆலையிலிருந்து வழிந்த எண்ணெய் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. அதற்கும் கிணறு இல்லை, கப்பலும் இல்லை, மழைதான் என்பீர்கள். குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 நிவாரணம். என் மாமா வலையை எரித்துவிட்டார். மெக்சிகோ வளைகுடாவில் நஷ்ட ஈடு கோடி கோடியாகப் போனது. இங்கே ஒரு வலைக்கே பத்தாது.

ராயபுரம் ரிக்:
நிவாரண விஷயத்தில் உன் பக்கம்தான். தோண்டுகிறவன் தோண்டும் முன்பே அந்தப் பணத்தைக் கட்டிவைக்க வேண்டும், மிதவைத் தடுப்பு ஊர் ஊராகக் கையில் இருக்க வேண்டும். பக்கெட்டைப் பார்த்து நானும் வெட்கப்பட்டேன். ஆனால் தோண்டவே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் படமும் எனக்கு வேண்டாம்.

ஏர்ணாவூர் மதி:
படம் வேண்டாம். முகத்துவாரத்துக்கு வாங்க. மாமாவின் பைபர் படகில் உள்பக்கம் ஒரு கருப்புக் கோடு இன்னும் இருக்கிறது, தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றதோ அந்த மட்டம்.

ராயபுரம் ரிக்:
ஞாயிறு காலை வருகிறேன். டீசலுக்குப் பதில் இன்னும் வரவில்லை, அதையும் தயாராக வை.