வெளித் தளப் பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்று ஸ்கிரிப்டில் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி:
நான் இணைப்பு கொடுத்திருக்கும் வெளிப் பக்கங்களில் எது புதுப்பிக்கப்பட்டது என்று பைதானில் பார்க்க வேண்டும். பக்கத்தோடு சர்வர் அனுப்பும் லாஸ்ட்-மாடிஃபைட் ஹெட்டர் (கடைசியாக மாறிய தேதி) சில தளங்களில் எப்போதும் இந்த நிமிஷத்தையே காட்டுகிறது, சிலவற்றில் அது வருவதே இல்லை. வேறு வழி உண்டா?

பதில் 1:
கேட்கும்போதே சர்வர் உருவாக்கித் தரும் பக்கங்களில் அப்படித்தான், அந்தத் தேதியை நம்பாதீர்கள். மெனு, விளம்பரம் எல்லாம் நீக்கி, கட்டுரையின் எழுத்தை மட்டும் எடுத்து ஷா-256 ஹேஷ் (அந்த எழுத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) போட்டுச் சேமியுங்கள், அடுத்த முறை ஹேஷ் வேறாக வந்தால் ஏதோ மாறியிருக்கிறது.

பதில் 2:
அதற்கு முன் ஈடேக் (பக்கத்தின் அப்போதைய வடிவத்துக்குச் சர்வர் தரும் அடையாளக் குறி) வருகிறதா பாருங்கள். அதை இஃப்-நன்-மேட்ச் ஹெட்டரில் திருப்பி அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது வெறும் 304 ('மாறவில்லை' என்று சொல்லும் பதில் எண்) வரும், முழுப் பக்கத்தையும் இறக்க வேண்டியதில்லை, அந்தச் சர்வருக்கும் சுமை குறையும்.

கேட்டவர்:
சரி, முதலில் ஈடேக், இல்லாத இடத்தில் ஹேஷ். ரொம்ப நன்றி!