விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்டும் முதல் பக்கத்துக் கையெழுத்தும்

வெளித்தேர்வாளர்:
சென்ற வாரம் ஒரு பொறியியல் கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். நான்கு மாணவர்கள் கொண்ட ஒரு டீம். இலையின் படத்தை வைத்துப் பயிரின் நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைக் காட்டினார்கள். துல்லியம் 99.35 விழுக்காடு என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் சுருக்கென்றது. பிளான்ட்வில்லேஜ் என்ற பொதுப் படத் தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு செய்து 2016-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் எண் அது. தசமம்கூட மாறவில்லை. அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் உண்டு. வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31.4 விழுக்காட்டுக்கு விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொகுப்பில் இருப்பவை பறித்த இலையைச் சீரான பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வயலில் வெயில், நிழல், களை எல்லாம் கலந்து கிடக்கும். படங்களை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே இதைச் சொல்லியிருக்கலாம். கடைசியில் ஒருவன், காசுக்கு ப்ராஜெக்ட் செய்து விற்கும் கடையான ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது என்று ஒப்புக்கொண்டான்.

ஆனால் முதல் பக்கத்தில், இது எங்கள் சொந்த உழைப்பு என்று நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டரில் இதற்கு 10 கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள். வாங்கி வருபவர்களை ஃபெயில் ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

எட்டாம்_செமஸ்டர்:
சார், நானும் வாங்கியவன்தான். ஆளுக்கு நான்காயிரம் ரூபாய் போட்டோம். சென்டரின் போன் நம்பரைக் கொடுத்ததே எங்கள் கைடு. அவர் தலையில் பதினோரு டீம்கள். இரண்டாம் ரிவியூவுக்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் எங்கள் தலைப்பை இன்னும் கேட்கக்கூட இல்லை.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றின் ஆசிரியர் பட்டியலில் ஒரே ஆளின் பெயர் திரும்பத் திரும்ப இருந்தது. இல்லாத ஆசிரியரை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெரியவர்கள். அவர்களை ஃபெயில் ஆக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டையை இன் செய்யாததற்கும் தாடி வைத்ததற்கும் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நான்கு வருடமாக அங்கே ஒழுக்கம் என்றால் அதுதான். பொய் எழுதாதே என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை. முதலாமாண்டில் அடுத்தவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தான் தொடங்கினோம். அப்போது ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்கள்.

ஈரமண்:
தம்பி, தாடி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மற்றதில் இல்லை. எங்கள் டீமில் மூன்று பெண்கள்தான், எங்களுக்கும் கைடு இல்லாத மாதிரிதான். ரிச்சி தெருவில் அலைந்து ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் போர்டும் ஈரப்பதம் அளக்கும் சென்சாரும் வாங்கி, தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றைச் செய்தோம். இரண்டே வாரத்தில் சென்சாரின் முனைகள் அரித்துப்போயின. ஈர மண்ணில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் அப்படித்தான் ஆகும், அளக்கும் நொடியில் மட்டும் கொடுக்க வேண்டும் என்பதை அரித்த பிறகுதான் கற்றோம். வைவா என்னும் வாய்மொழித் தேர்வு அன்று கருவி ஓடவில்லை. பக்கத்து டீம் வாங்கி வந்தது அழகாக ஓடியது. அவர்களுக்கு எங்களைவிடப் பதினெட்டு மதிப்பெண் அதிகம். விடுதிக்குத் திரும்பி அழுதேன்.

அதற்குப் பிறகும் சொல்கிறேன், கல்லூரி பொய் சொல்கிறது என்பதால் நீங்கள் சொல்லும் பொய் சிறிதாகிவிடாது. அந்தப் பதினெட்டு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாங்கியவர்கள் ஏமாற்றியது கல்லூரியை மட்டும் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களையும்தான்.

சென்டர்க்காரன்:
ஆறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நானும் பி.இ. படித்தவன். வருகிறவர்களில் சிலர் என் பக்கத்தில் உட்கார்ந்து நிரலை வரிவரியாகக் கேட்டுப் புரிந்துகொண்டு போவார்கள். அவர்களுக்குக் கல்லூரி தராததை நான் தருகிறேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. மீதிப் பேர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிரிண்ட் போட்டு பைண்டிங் வரை முடித்துத் தரச் சொல்வார்கள்.

ஏன் வருகிறார்கள் தெரியுமா? பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ இந்த வருடம் வெளியிட்ட கட்டுரைதான் பேஸ் பேப்பராக, அதாவது ப்ராஜெக்ட்டுக்கு அடிப்படையாக, இருக்க வேண்டும் என்று துறையில் சொல்லி அனுப்புகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு உழைத்ததை மூன்று மாதத்தில் செய்து காட்ட வேண்டும். ஈரமண் செய்தது போன்ற தலைப்பை "ரொம்பச் சாதாரணம்" என்று முதல் ரிவியூவிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேட்பதை மாற்றாமல் மாணவனை மட்டும் தண்டித்தால் என் கடைக்குக் கூட்டம் குறையாது.

வெளித்தேர்வாளர்:
பேஸ் பேப்பர் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, அந்தக் கட்டாயம் போக வேண்டும். விதியிலும் ஓட்டை இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுதியதோடு ஒத்துப்போனால் மாணவனின் பதிவே ரத்தாகும். அசைன்மென்ட்டையும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் அதே விதிகள் வெளியே விட்டுவிட்டன. ஆய்வு மாணவனுக்குக் குற்றமாக இருப்பது இளங்கலை மாணவனுக்கு வழக்கமாகிவிட்டது. அதனால்தான் தேர்வாளர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஈரமண்:
சார், ஒரே ஒரு கேள்வி. அந்த நால்வருக்கும் நீங்கள் எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?

வெளித்தேர்வாளர்:
இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நூற்றுக்கு 72. மதியச் சாப்பாட்டின்போது துறைத் தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேலை கிடைத்த பையன்கள், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார். போட்டுவிட்டேன். அன்றிரவு தூக்கம் வராமல்தான் இங்கே எழுதவே தொடங்கினேன்.

எட்டாம்_செமஸ்டர்:
அப்படியானால் அந்த ரிப்போர்ட்டில் பொய் எழுதியவர்கள் நான்கு பேர் மட்டும் இல்லை. கைடு, துறைத் தலைவர், நீங்கள் என எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருக்கிறது.

வெளித்தேர்வாளர்:
ஆமாம், தம்பி. என்னுடையதும்தான்.

எட்டாம்_செமஸ்டர்:
மறுப்பீர்கள் என்று நினைத்தேன். சரி, எனக்கு வியாழக்கிழமை வைவா. ரிப்போர்ட் பைண்டிங் ஆகிவிட்டது, கையெழுத்துகள் மட்டும் பாக்கி. உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும்?

வெளித்தேர்வாளர்:
வாங்கியது எது, நீங்களே புரிந்துகொண்டு மாற்றியது எது என்று முதல் பக்கத்தில் எழுதி வந்தால், நான் தேர்வாளராக இருந்தால் பாஸ் போடுவேன். ஃபெயில் ஆக்க வேண்டும் என்று மேலே எழுதியவன் நான்தான், இதற்கு அது பொருந்தாது. ஆனால் பாஸுக்கு மேல் ஒரு மதிப்பெண்கூடப் போட மாட்டேன். உங்களுக்கு வருகிற எக்ஸ்டர்னல் என்ன செய்வார் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது.

எட்டாம்_செமஸ்டர்:
நான் ஒருவன் என்றால் எழுதிவிடுவேன். டீமில் இன்னும் மூவர் இருக்கிறார்கள். ஒருவன் ஜூலையில் வேலையில் சேர வேண்டும், கல்விக் கடன் இருக்கிறது. அவனுக்காகவும் நான் முடிவு செய்ய முடியாது.

ஈரமண்:
முடியாதுதான். ஆனால் கைடு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனிடம் கேட்கலாமே. இன்று செவ்வாய்க்கிழமைதான்.

சென்டர்க்காரன்:
நீங்கள் என்னிடம் வாங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளை மாலை ஆறு மணிக்கு மேல் கடையில் இருப்பேன். நான்கு பேரும் வாருங்கள். நிரலை முதலிலிருந்து விளக்குகிறேன், அதற்குப் பணம் வேண்டாம். முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்பது உங்கள் முடிவு.